தரிசுன்னு யார் சொன்னது? ட்ரெந்தெ வழியா ஒரு நாள் நடை

இன்னைக்கு எபிசோடுக்கு ஹெட்ஃபோனோட ஒரு ஜோடி நல்ல ஷூவும் வேணும். நெதர்லாந்தின் வடகிழக்கில் இருக்கிற ட்ரெந்தெ மாகாணத்தில், ஸௌட்லாரன் என்ற ஊரிலிருந்து ரோல்டெ என்ற ஊருக்கு நடக்கப் போறோம். ஒரு நாள் நடைதான். ஆனா இந்த ஒரு நாளுக்குள்ள காடு, ஓடைச் சமவெளி, ஹெய்டென்னு சொல்ற புதர்வெளி எல்லாமே வந்துடும்.

நாம நடக்கிற பாதைக்குப் பேர் பீட்டர்பாட். வடகோடியில் பீட்டர்பூரன் கிராமத்தில் தொடங்கி, தெற்கே மாஸ்ட்ரிக்ட் பக்கத்தில் இருக்கிற ஸின்ட் பீட்டர் குன்று வரைக்கும், கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். இதைப் போட்டது அரசாங்கம் இல்லை. டோஸ் ஹோர்ஹௌஸ், பெர்ட்யெ யென்ஸ் என்ற இரண்டு தோழிகள். ஒருத்தர் தெற்கே டில்பர்க்கில், இன்னொருத்தர் வடக்கே ஹ்ரோனிங்கனில். ஏற்கெனவே இருந்த வண்டித்தடங்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் தேடித்தேடி இணைத்து, 1983-ல் பாதையைத் திறந்தார்கள். மரத்தில் வெள்ளைக் கோடு, அதுக்குக் கீழே சிவப்புக் கோடு பார்த்தீங்கன்னா சரியான வழியில் போறீங்கன்னு அர்த்தம்.

ஆகஸ்ட் கடைசியில் இந்தப் பக்கம் வர்றவங்க எல்லாரும் ஒரே போட்டோவைத்தான் எடுப்பாங்க. கண்ணுக்கு எட்டிய தூரம் ஊதா நிறப் பூ, நடுவில் ஒரு ஆட்டு மந்தை. கேப்ஷன்: 'மனிதன் கை படாத இயற்கை.' இந்த எபிசோடே அந்த கேப்ஷனைப் பத்தினதுதான். ஏன்னா, அந்தப் போட்டோவில் மனிதன் கை படாத இடம் ஒரு சாண்கூட இல்லை.

முதலில் ஊரைப் பாருங்க. ட்ரெந்தெ கிராமங்களில் 'ப்ரிங்க்'னு ஒரு திடல் இருக்கும். சுற்றிலும் ஓக் மரங்கள். இப்போ அங்கே காபி குடிக்கலாம். அந்தக் காலத்தில் மேய்ச்சலுக்குப் போற கால்நடைகளை ஒன்று சேர்த்த இடம் அது. ஓக் மரங்களும் நிழலுக்காக மட்டும் நட்டதில்லை. வீட்டுக்கு உத்திரம் வேண்டுமென்றால் இங்கிருந்துதான் வெட்டுவார்கள்.

ஊரைத் தாண்டினால் லேசாக மேடான ஒரு திறந்த வயல் வரும். இதுக்குப் பேர் 'எஸ்'. ஊர்க்காரர்கள் எல்லாருடைய ரை தானியமும் இங்கேதான் விளைந்தது. இந்த மண்ணுடைய அடிப்படைப் பிரச்சினை இதுதான்: மணல், வெறும் மணல். ஒரு வருஷம் விளையும், அடுத்த வருஷம் கை விரித்துவிடும். எரு போட்டே ஆகணும். எருவுக்கு ஆடு மாடு வேணும். ஆடு மாடு மேய நிலம் வேணும்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு எளிமையானது, ஆனா முதுகை ஒடிக்கிற வேலை. பகலில் ஆடுகள் புதர்வெளியில் மேயும். ராத்திரி தொழுவத்துக்கு வரும். அந்தத் தொழுவத்தின் தரை பள்ளமாக இருக்கும். புதர்வெளியின் மேல்மண்ணை, செடியும் வேருமாக, கம்பளத்தைச் சுருட்டுகிற மாதிரி மண்வெட்டியால் செதுக்கி எடுத்துட்டு வந்து அந்தப் பள்ளத்தில் பரப்புவார்கள். ஆடு அதன்மேல் சாணம் போட்டு மிதிக்கும். அதன்மேல் இன்னொரு அடுக்கு. இப்படியே தரை ஏறிக்கொண்டே வரும். பிறகு மொத்தத்தையும் வெட்டி, வண்டியில் ஏற்றி, வயலில் கொட்டுவார்கள். பல நூற்றாண்டுகள். அதனால்தான் அந்த வயல் மேடாக இருக்கு. சில இடங்களில் ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் ஏறியிருக்கு. நாம நிற்கிற மேடு, முந்நூறு நானூறு வருஷ வண்டிச் சுமை.

வயலுக்கும் ஓடைக்கும் நடுவில் மரங்கள் வளர்ந்த வரப்புகள் இருக்கும். அவைதான் அந்தக் கால வேலி. கம்பி வேலி வருவதற்கு முன்னாடி, மாடு பயிரில் இறங்காமல் இருக்க மண்ணைக் குவித்து ஓக்கும் புதரும் நட்டார்கள். அதைத் தாண்டினால் ட்ரென்ட்ஸே ஆ ஓடை. வளைந்து வளைந்து போகும், நீச்சல் குளம் அளவுக்குக்கூட அகலம் இருக்காது. குளிர்காலத்தில் கரையோரப் புல்வெளி தண்ணீரில் நிற்கும். நிலத்தடியிலிருந்து தாதுக்களோடு ஊறிவரும் நீரும் சேரும். எரு போடாமலே புல் வளரும் ஒரே இடம் அதுதான். மாடுகளுக்குக் குளிர்காலத் தீனியான வைக்கோல் இங்கிருந்துதான்.

இப்போ கணக்கைக் கூட்டிப் பாருங்க. புதர்வெளியும் ஓடைச் சமவெளியும் தங்கள் சத்தைக் கொடுத்துக்கிட்டே இருக்கு. வயல் வாங்கிக்கிட்டே இருக்கு. சத்து போன நிலத்தில் ஹெதர் புதர் மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். முளைக்கிற மரக்கன்றுகளை ஆடு கடித்துவிடும். அந்த ஊதாப் பூ, சுரண்டப்பட்ட மண்ணோட நிறம். மனுஷங்க விலகியிருந்தா சில பத்தாண்டுகளில் அங்கே காடு வந்திருக்கும்.

இதை யார் நிர்வகித்தது? 'மார்க்கெ' என்ற ஊர்க் கூட்டமைப்பு. யார் எத்தனை ஆடு மேய்க்கலாம், எங்கே மண் செதுக்கலாம் என்றெல்லாம் அதுதான் முடிவு பண்ணும். ரொம்ப அழகா இருக்கேன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. அதில் பங்கு இருந்தது நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான். ஊர் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர்கள் நாலு ஆடு மேய்த்தது உரிமையால் இல்லை, மற்றவர்கள் கண்டுகொள்ளாததால். அளவு மீறிச் சுரண்டிய இடங்களில் மணல் கிளம்பி வயல்களை மூடியதும் உண்டு.

19ஆம் நூற்றாண்டில் அரசாங்கத்தின் பார்வை இந்த நிலங்கள் மேல் விழுந்தது. ஆவணங்களில் இவற்றுக்கு ஒரு பெயர் இருந்தது: 'வூஸ்தெ ஹ்ரொன்டன்'. அதாவது, தரிசு. ஒரு ஊரே எருவுக்காக நம்பியிருந்த நிலம், வரைபடம் போட்டவர்களுக்கு யாருக்கும் பயன்படாத நிலமாகத் தெரிந்தது. பொது நிலத்தைப் பிரித்துத் தனித்தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லி அரசு ஊக்கம் கொடுத்தது. 1886-ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பங்கு இருந்தவர்களுக்குப் பட்டா கிடைத்தது. குடிசைக்காரர்களுக்கு மேய்ச்சலும் போச்சு.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியக் கம்பளி மலிவாக வந்து இறங்கியது. கூடவே செயற்கை உரம் வந்தது. மூட்டையில் உரம் கிடைக்கும்போது எதுக்கு ஆடு, எதுக்கு மண்வெட்டி? ஏற்பாடு மொத்தமும் ஒரு தலைமுறைக்குள் சரிந்தது. 1888-ல் புதர்வெளிகளைச் சாகுபடி நிலமாக மாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1899-ல் அரசு வனத்துறையான ஸ்டாட்ஸ்போஸ்பஹேர் வந்தது. நாம நடக்கிற பாதையில் வரிசை பிடித்து நிற்கிற பைன் மரங்களைப் பார்த்தால், இது எப்படிக் காடாச்சுன்னு புரியும். மணலை அடக்கவும் மரத்துக்காகவும் நட்டது அது. தெற்கே லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கங்களில் கூரை தாங்கின முட்டுக்கட்டைகளுக்கு நேரான பைன் தேவைப்பட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில், வேலையிழந்த நகரத்துக்காரர்களை இங்கே அனுப்பி மண்வெட்டி கொடுத்துத் தோண்டவிட்டார்கள். உதவித்தொகை வேணும்னா தோண்டணும்.

1830-களில் நாடு முழுக்க சுமார் 6 லட்சம் ஹெக்டேர் புதர்வெளி இருந்தது. இன்றைக்கு மிச்சம் இருப்பது சுமார் 40,000 ஹெக்டேர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஓடைகளின் முறை. நாடெங்கும் ஓடைகளை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக்கினார்கள், வயல்களைப் பெரிதாக்கினார்கள். 'பசி இனிமே வேண்டாம்'னு நினைத்த ஒரு தலைமுறை அது. அவர்களைக் குறை சொல்வது சுலபம் இல்லை. ட்ரென்ட்ஸே ஆ ஓடையும் அந்தப் பட்டியலில் போயிருக்கும். 1965-ல் வனத்துறையின் நிலக்காட்சி வடிவமைப்பாளர் ஹாரி டெ வ்ரோமெ முன்னின்று உருவாக்கிய ஒரு திட்டம், இந்தப் பள்ளத்தாக்கை முழுசாக, வயலும் ஓடையும் புதர்வெளியும் கிராமமும் சேர்த்துக் காப்பாற்றணும்னு சொன்னது. விற்க விரும்பியவர்களிடம் அரசு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. இங்கேயே தொழிலைப் பெரிதாக்க நினைத்த விவசாயிகளுக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. ஓடை இன்றைக்கும் வளைந்து போவதற்குக் காரணம் அந்த முடிவு.

இப்போ பாலோ புதர்வெளிக்கு வந்துட்டோம். பழைய வண்டித்தடங்கள், வரலாற்றுக்கு முந்தைய புதைமேடுகள், பாலோ கிராமத்து ஆட்டு மந்தை. குனிந்து பாருங்க. ஊதாவுக்கு நடுவில் வைக்கோல் நிறத்தில் புல் திட்டுத்திட்டாக ஏறியிருக்கும். அதுதான் இன்றைய சண்டை. தீவிரக் கால்நடைப் பண்ணைகளின் சாணத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா, வண்டிப் புகை, ஆலைப் புகை எல்லாம் நைட்ரஜனாக இந்த மண்ணில் இறங்குது. சத்து ஏறினால் புல் ஜெயிக்கும், ஹெதர் தோற்கும். 2019 மே மாதம், அரசின் நைட்ரஜன் அனுமதி முறை செல்லாதுன்னு நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் டிராக்டர்கள் ஹேக் நகரச் சாலைகளை அடைத்தன. 2023-ல் அதே கோபத்தில் வளர்ந்த விவசாயிகள் கட்சி, எல்லா மாகாணத் தேர்தல்களிலும் முதலிடம் பிடித்தது.

யோசிச்சுப் பாருங்க. சாணம் போதாமல் உருவான நிலம், சாணம் மிஞ்சிப் போனதால் அழியுது. இன்றைக்கு அந்தப் புதர்வெளியைக் காப்பாற்ற, மானியம் கொடுத்து ஆடு மேய்க்கிறார்கள். இயந்திரம் வைத்து மேல்மண்ணைச் செதுக்குகிறார்கள். வயிற்றுக்காகச் செய்த அதே வேலை, இப்போ இயற்கைப் பாதுகாப்பு. செதுக்கின மண் போகத்தான் வயல் இல்லை.

'மனிதன் கை படாத இயற்கை'ன்னு சொன்னால், முதுகொடிய மண் சுமந்தவர்களை அழிச்சுடுறோம். 'மனுஷன் செஞ்சதுதானே, போனா போகட்டும்'னு சொன்னால், இந்தப் பூவை நம்பி இருக்கிற தேனீயையும் பல்லியையும் கைவிட்டுடுறோம். இதை எப்படித் தீர்ப்பதுன்னு என்கிட்ட விடை இல்லை. ஆனா ஒரு நிலத்தைத் தரிசுன்னோ இயற்கைன்னோ யாராவது பேர் வைக்கும்போது, அந்தப் பேரால் யாருக்கு என்ன கிடைக்குது, யாருக்கு என்ன போகுதுன்னு கேட்கலாம்.

ரோல்டெ தேவாலயக் கோபுரம் தெரியுது. அதன் பின்னாடி ஓக் மரங்களுக்கு நடுவே இரண்டு ஹ்யூனபெட் இருக்கு, பெரும் பாறைகளை அடுக்கிய கல்லறைகள். வயது சுமார் 5,000 வருஷம். கடற்கரை அணைகளுக்காக இந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போன காலத்தில், 1734-லேயே ட்ரெந்தெ நிர்வாகம் அதைத் தடை செய்தது. இவற்றைக் கட்டியவர்கள்தான் இந்த மண்ணின் முதல் விவசாயிகள். வயலுக்காகக் காட்டை முதலில் வெட்டியதும் அவர்களாகத்தான் இருக்கணும்.

ஷூவில் ஒட்டின மணலைத் தட்டிட்டு உட்காருங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.