அறிவியல் வகுப்புக்குள் வந்த நேர்வு ஆய்வு

நேர்வு ஆய்வு வழியாகப் பாடம் நடத்தும் முறை வேரூன்றியது சட்ட வகுப்பில். 1870-இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் தலைவரான கிறிஸ்டோபர் லாங்டெல், விதிகளை ஒப்பிக்காமல் தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்து, விதியை அவர்களையே கண்டுபிடிக்க வைத்தார். வணிகப் பள்ளியும் பின்னாளில் இதை எடுத்துக்கொண்டது.

இளங்கலை அறிவியலுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவரும் வேதியியலாளருமான ஜேம்ஸ் கோனன்ட். அறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்காதவர்களும் அறிவியலாளர் எப்படி யோசிக்கிறார் என்பதை அறிய வேண்டும் என்று அவர் கருதினார். ராபர்ட் பாயிலின் காற்று பம்ப், ஃபுளோஜிஸ்டன் கொள்கையின் வீழ்ச்சி போன்றவற்றை வைத்து 1940-களின் பிற்பகுதியில் பாடம் உருவானது. அதற்கு உதவ வந்த இயற்பியல் ஆய்வு மாணவர் தாமஸ் கூன், அதற்காக அரிஸ்டாட்டிலின் இயக்கவியலைப் படிக்கப் போய், அறிவியல் வரலாற்றாசிரியராகவே மாறிவிட்டார். அறிவியல் புரட்சிகள் பற்றி 1962-இல் வெளிவந்த தம் நூலை அவர் கோனன்ட்டுக்கே காணிக்கையாக்கினார். ஒரு வகுப்பறைக்கு இதைவிடப் பெரிய விளைச்சல் அரிது.

ஆனாலும் கோனன்ட் வகுப்பில் பேசியவர் ஆசிரியர்தான், மாணவர் கேட்டுக்கொண்டிருந்தார். 1990-களில் பஃபலோ பல்கலைக்கழக உயிரியலாளர் கிளைடு ஹெரீட் பெரிதும் வலியுறுத்திப் பரப்பிய முறையில் இந்த இடம் மாறியது. தகவல் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் குழுவாக விவாதித்து முடிவு சொல்ல வேண்டும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1982-இல் சிகாகோ பகுதியில் வலி மாத்திரை விழுங்கிய ஏழு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். உயிரணுச் சுவாசத்தைக் கற்பிக்க இந்நிகழ்வு பயன்படுகிறது. முதலில் அறிகுறிகள் மட்டும் தரப்படும். அடுத்து ஆய்வகக் குறிப்பு: ரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கிறது, உயிரணுக்களில் ஆற்றல் தரும் ஏடிபி மட்டும் தீர்ந்திருக்கிறது. குளுக்கோஸ் உடையும் முதற்கட்டத்தில் பழுதா, மைட்டோகாண்ட்ரியாவிலா? எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்ஏடிஎச் மிகுந்து தேங்கியிருப்பதைப் பார்த்ததும், எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி அடைபட்டதை மாணவர்களே ஊகிக்கிறார்கள். சங்கிலியின் கடைசி நொதியை முடக்கும் சயனைடு மாத்திரையில் கலக்கப்பட்டிருந்தது என்பது இறுதியில் வெளிவரும். புத்தகத்தில் வெறும் படமாகக் கிடந்த சங்கிலி, இங்கே மரணத்துக்கு விடை சொல்கிறது.

இம்முறைக்கு நேரம் அதிகம் பிடிக்கும். பாடத்திட்டம் முடியாது என்பதே ஆசிரியர்கள் பலரின் குறை. அதில் நியாயம் உண்டு. அதனால் விரிவுரையைக் கைவிடாமல், மாணவர் வழக்கமாகத் தடுமாறும் தலைப்புகளுக்கு மட்டும் நேர்வுகளை வைத்துக்கொள்வோர் பலர்.