முதுமலை: வேட்டை உரிமத்திலிருந்து யானை வழித்தடத் தீர்ப்பு வரை

காட்டுச் சுற்றுலாவின் நன்மை தீமைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சவாரி வண்டியோடு நின்றுவிடுகிறது. வண்டி எத்தனை, எவ்வளவு வேகம், விலங்குக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்பவையே விதிகளாகின்றன. இவை தேவையான விதிகள்தாம். ஆனால் நீலகிரியின் முதுமலையில் ஒன்றரை நூற்றாண்டாகக் காட்டைப் பார்க்க வந்தவர்களின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், பெரிய சேதம் சவாரித் தடத்தில் நிகழவில்லை என்பது தெரிகிறது. அது காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, பயணிகள் இரவு தங்கிய இடங்களிலும் அவர்கள் வந்துபோன சாலைகளிலும் நிகழ்ந்தது. சட்டம் அங்கே போய்ச் சேரத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

முதல் விதிகள் வேட்டைக்காரர்களுக்காக எழுந்தவை. காட்டு யானைகளைக் காக்க 1873இல் சென்னை மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு உரிமம் வேண்டும், குறிப்பிட்ட மாதங்களில் வேட்டை கூடாது என்ற கட்டுப்பாடுகள் அதன்வழி நடைமுறைக்கு வந்தன. வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் கூடி அமைத்த நீலகிரி வேட்டைச் சங்கம் இந்த ஏற்பாட்டின் காவலாக நின்றது. வரையாடும் கடமானும் சுட்டுத் தீர்ந்துவிடும் என்ற அச்சமே இதன் தூண்டுதல். அடுத்த பருவத்துக்கும் வேட்டை மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் மான் காக்கப்பட்டது, மானைத் தின்னும் செந்நாயைக் கொன்றால் வெகுமதி கிடைத்தது. கண்ணி வைத்த பழங்குடியினர் குற்றவாளிகளாயினர், துப்பாக்கி ஏந்திய துரை உரிமம் பெற்ற விளையாட்டு வீரரானார். காடு யாருக்காகக் காக்கப்படுகிறது என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிட்டது.

1940இல் முதுமலையில் ஏறத்தாழ 60 சதுர கி.மீ. காடு சரணாலயமாயிற்று. தென்னிந்தியாவின் தொடக்ககாலச் சரணாலயங்களுள் இது ஒன்று. 1956இல் பரப்பு 295 சதுர கி.மீ. ஆகவும், 1977இல் 321 ஆகவும் விரிந்தது. இடையில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்தை முடித்துவைத்தது. அந்த மாற்றத்தைத் தம் வாழ்விலேயே காட்டியவர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார். வேட்டையாடியவர், பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்து, 1963இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். சீகூர்க் காட்டோரம் தங்கி யானைகளின் போக்குவரத்தைக் கவனித்தார். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் எழுத்தும் ஒளிப்படங்களும் இதே காலத்தில் தமிழ் வாசகருக்கு விலங்கைச் சுடாமல் பார்க்கக் கற்றுக்கொடுத்தன. பார்க்கும் ஆசை பரவியது. தெப்பக்காடு யானை முகாமில் யானை மேல் அமர்ந்து காட்டுக்குள் போவது பல பத்தாண்டுகளுக்கு முதுமலையின் அடையாளமாகவே இருந்தது.

வேட்டை நின்றதும் பார்வையாளரால் தீங்கில்லை என்ற நம்பிக்கை எளிதில் வேரூன்றியது. அது எவ்வளவு தவறு என்பதைத் தமிழ் வாசகர்கள் பலர் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகவே உணர்ந்தார்கள். முதுமலையிலும் ஆனைமலையின் டாப்சிலிப்பிலும் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்விலிருந்து எழுந்த கதை அது. குடித்துவிட்டு எறியும் பாட்டிலின் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால், புண் புரையோடி, பல டன் எடையைத் தாங்க முடியாமல் அந்த யானை நாள்கணக்கில் துன்புற்றுச் சாகும். எந்த நீதிமன்ற ஆணையையும்விட அந்தக் கதை அதிக மனங்களைத் தொட்டது என்று துணிந்து சொல்லலாம்.

இனி முதுமலையை ஒட்டிய மசினகுடிக்கு வருவோம்; வரலாற்றின் அடர்த்தியான பகுதி இதுதான். நீலகிரியின் வடசரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையில் கிடக்கும் மேட்டுநிலம் சீகூர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகும் யானைகளுக்கு இது கழுத்துப் போன்ற குறுகிய வழி. ஒருபுறம் ஏற முடியாத சரிவு, மறுபுறம் இறங்க முடியாத பள்ளம். கோடையில் நீரும் மழைக்குப்பின் புல்லும் தேடி வலசை போகும் கூட்டங்களுக்கு வேறு பாதை கிடையாது. சரணாலயக் கோட்டுக்கு வெளியே, பட்டா நிலமாக இருந்த மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பகுதிகளில்தான் சொகுசு விடுதிகள் பெருகின. காட்டுக்கு எவ்வளவு அருகில் அறை இருக்கிறதோ அவ்வளவு வாடகை. அறையைக் காக்க மின்வேலி வந்தது. விருந்தினருக்கு விலங்கு காட்ட இரவில் தனியார் ஜீப் ஓடியது. உள்ளே வனத்துறை வண்டி மாலையோடு நின்றுவிட, வெளியே விளக்கடித்து யானையைத் தேடும் சவாரி நள்ளிரவிலும் நடந்தது.

2007இல் முதுமலை புலிகள் காப்பகமானது. பிறகு 367.59 சதுர கி.மீ. வெளிமண்டலமும் சேர்ந்தது. உள்மண்டலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த வயநாடன் செட்டிகளும் பணியரும் காட்டுநாயக்கரும் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்ற மறுகுடியமர்வுத் திட்டத்தை எதிர்கொண்டனர். ஊர்க்காரரை வெளியேறச் சொல்லும் காடு வெளியூர்க்காரரை வரவேற்கிறதே என்று கூடலூர் வட்டாரத்தில் எழும் கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் இல்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்களும் யானைப் பாகன்களும் பெரும்பாலும் இதே பழங்குடிகளிலிருந்து வருபவர்கள். சுற்றுலா வருவாயில் அவர்களுக்குக் கிடைக்கும் பங்கோ மிகச் சிறிது.

நீதிமன்றங்கள் இரண்டு தடங்களில் தலையிட்டன. ஒன்று உள்ளே. புலிகள் காப்பகங்களின் உள்மண்டலத்தில் சுற்றுலா கூடாது என உச்ச நீதிமன்றம் 2012 ஜூலை 24 அன்று இடைக்காலத் தடை விதித்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வகுத்தபின் அக்டோபர் 16 அன்று தடை நீங்கியது. உள்மண்டலத்தில் அதிகபட்சம் 20 விழுக்காட்டுப் பரப்பில் மட்டுமே சுற்றுலா. விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகல். வளைப்பதும் ஆசைகாட்டி வரவழைப்பதும் உணவிடுவதும் குற்றம். பொறுப்புள்ள சவாரிக்கு இந்நாட்டில் எழுதப்பட்ட தெளிவான இலக்கணம் இது.

இன்னொன்று வெளியே. 2010 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, நிலத்தை விட்டு விலகும்படி விடுதிகளுக்கு ஆணையிட்டது. மேல்முறையீடு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2018இல் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்து, தனியாரின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. மூன்று மாதங்கள்கூட முழுதாக நகரவில்லை, 2021 ஜனவரியில் மசினகுடி அருகே ஒரு விடுதிப் பக்கம் வந்த ஆண் யானை மீது எரியும் துணியை வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்த அந்த யானை, சிகிச்சைக்குத் தெப்பக்காடு கொண்டுபோகும் வழியில் இறந்தது. அதன் துதிக்கையைப் பிடித்து அழுத வன ஊழியரின் காட்சியை நாடே பார்த்தது.

சாலைகளின் கதையும் இதே போக்குதான். பந்திப்பூர் வழியாகச் செல்லும் மைசூரு–உதகைச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு 2009இலேயே தடை வந்தது. பயணிகளின் மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்ற எண்ணம் வர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. உயர் நீதிமன்ற ஆணையால் 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் முறை தொடங்கியது. 2025 ஏப்ரலிலிருந்து கோடைப் பருவத்தில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு வைக்கப்பட்டது. மாவட்டம் எவ்வளவு பேரைத் தாங்கும் என்று கணக்கிடும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

அந்தக் கணக்கு வாகனங்களோடு நிற்கக் கூடாது. சீகூர் மேட்டுநிலத்தில் இரவில் எத்தனை படுக்கைகள் நிரம்புகின்றன, எத்தனை கிலோமீட்டர் வேலி நிற்கிறது, இருட்டியபின் எத்தனை ஜீப் ஓடுகின்றன என்பதையும் ஆண்டுதோறும் எண்ணிப் பொதுவில் வைக்க வேண்டும். மசினகுடியின் இருளர், குறும்பர் ஊர்ச் சபைகளின் முன் அந்த எண்களை வைத்து, அடுத்த ஆண்டின் வரம்பை அவர்களோடு சேர்ந்து முடிவுசெய்வதற்கு 2006இன் வன உரிமைச் சட்டம் ஏற்கெனவே இடம் தந்திருக்கிறது.