ஒரு கப்பலும் ஜப்பானின் பள்ளி நீச்சல் குளங்களும்

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது பாருங்கள். அதனாலோ என்னவோ, ஜப்பானில் ஏராளமான தொடக்கப்பள்ளிகளில் 25 மீட்டர் நீளத்துக்கு நீச்சல் குளம் இருக்கிறது என்று படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பணக்கார நாடு, கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குளங்கள் வந்த கதை வேறு.

1955 மே 11 காலை. ஷிகோகு தீவிலுள்ள தகமட்சு துறைமுகத்திலிருந்து உனோ துறைமுகத்துக்கு ஷியுன் மாரு என்ற கப்பல் கிளம்பியது. இது ஜப்பான் தேசிய ரயில்வேயின் கப்பல். ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் வகை. அன்றைக்குக் கடும் மூடுபனி. எதிரே வந்ததும் அதே ரயில்வேயின் இன்னொரு கப்பல்தான். இரண்டும் மோதிக்கொண்டன. ஷியுன் மாரு சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. இறந்தவர்கள் 168 பேர். கப்பலின் தலைவரும் அதில் ஒருவர்.

கப்பலில் அன்று சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 100 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதில் 81 பேர் சிறுமிகள், 19 பேர் சிறுவர்கள். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்திருந்தால் இத்தனை பேர் போயிருப்பார்களா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் நீச்சலில் சளைத்த நாடே இல்லை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 6 நீச்சல் போட்டிகளில் 5 தங்கம் அவர்களுக்குத்தான். 1500 மீட்டரில் ஜெயித்த கிதமுரா குசுவோவுக்கு அப்போது வயது 14! ஆனால் ஒரு சிலர் பதக்கம் வாங்குவது வேறு, ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரில் தலையைத் தூக்கி மூச்சு விடத் தெரிந்து வைத்திருப்பது வேறு அல்லவா?

சரி, கடலிலேயே சொல்லிக் கொடுத்தால் என்ன? அப்படியும் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதே வருடம் ஜூலை 28-ல், மியே மாகாணத்தின் சு நகரத்தில், கடற்கரையில் நீச்சல் வகுப்புக்கு இறங்கிய நடுநிலைப்பள்ளி மாணவிகள் 36 பேர் மூழ்கி இறந்தார்கள். நீச்சல் தெரியாததால் ஒரு விபத்து, நீச்சல் கற்கப் போன இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம்கூட இல்லை. பள்ளிக்குள்ளேயே, ஆழம் அளந்து கட்டிய குளம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது இப்படித்தான். 1961-ல் விளையாட்டு வளர்ச்சிச் சட்டம் வந்து அரசு மானியமும் கிடைக்கத் தொடங்கியதும் குளங்கள் மளமளவென்று பெருகின. குளத்துத் தண்ணீரை மற்ற மாதங்களில் வெளியேற்றாமல் வைத்திருப்பார்களாம். தீ விபத்து, நிலநடுக்கம் என்றால் உதவும். (ஷியுன் மாரு ஓடிய கடல்மேல் 1988-ல் பெரிய பாலமே கட்டிவிட்டார்கள். அது தனிக்கதை.)

இனி 2020-க்கு வருவோம். கொரோனாவால் மார்ச் மாதத்தில் பள்ளிகளை மூடினார்கள். திறந்த பிறகும் குளம் திறக்கவில்லை. தண்ணீரில் முகக்கவசம் போட முடியாது, உடை மாற்றும் அறையில் நெரிசல், குளத்தில் இறங்கும் முன் நடக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனையும் தள்ளிப்போனது. நாடெங்கும் பெரும்பாலான பள்ளிகள் அந்தக் கோடையின் வகுப்புகளை ரத்து செய்தன. 2021-லும் பல ஊர்களில் அதே நிலைதான்.

கொடுமை என்னவென்றால், தொடக்கப்பள்ளிகளுக்கான புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 2020 ஏப்ரலில். 5, 6-ம் வகுப்பு நீச்சலில் அது புதிதாகச் சேர்த்திருந்த பகுதி எது தெரியுமா? வேகமாக நீந்துவது அல்ல, ஆபத்தில் மிதந்து உயிரைக் காத்துக்கொள்ளும் பயிற்சி. பாடம் வந்தது, தண்ணீர் வரவில்லை.

ஜப்பானிய முறையில் 1, 2-ம் வகுப்பில் தண்ணீர் விளையாட்டு, 3, 4-ல் மிதப்பதும் உதைப்பதும், 5, 6-ல்தான் முறையான நீச்சல். படிப்படியாக ஏறும் ஏணி. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இரண்டு கோடையும் விட்டுப்போய், 2022-ல் மூன்றாம் வகுப்பில் முதன்முதலாகக் குளத்தில் கால் வைக்கிறது. எட்டு வயதில் தண்ணீருக்குள் முகத்தை நனைக்கவே பயப்படும் பிள்ளையிடம் "மித" என்றால் எப்படி மிதக்கும்? ஏணியின் கீழ்ப்படி இரண்டும் இல்லை. விளையாட்டிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்கும் அதுதான் முதல் நீச்சல் வகுப்பு என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எல்லாக் குளங்களும் மீண்டும் திறக்கவும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் கட்டியவை பல, பழுதுபார்க்கச் செலவு அதிகம். பக்கத்துத் தனியார் நீச்சல் பயிற்சி நிலையத்துக்குப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிப்போகும் பள்ளிகள் கூடிவருகின்றன. எனக்கென்னவோ அது குளமே இல்லாமல் போவதைவிடத் தேவலை என்றுதான் படுகிறது.

பள்ளிகளில் இன்னொரு பயிற்சியும் நடக்கும். சட்டை, பேண்ட், காலில் ஷூ எல்லாவற்றோடும் குளத்தில் இறங்கச் சொல்வார்கள். நீந்தச் சொல்ல மாட்டார்கள். மல்லாந்து படுத்து, மேலே பார்த்து, அசையாமல் இருக்க வேண்டும். ஷூவைக் கழற்றக்கூடாது, அது மிதக்க உதவும். 'உயித்தே மத்தே' என்று இதற்குப் பெயர். மிதந்தபடி காத்திரு என்று அர்த்தம்.