இணையக் கடையின் விற்பனை வரியும் கணக்கு மென்பொருளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இணையவழி வியாபாரம் செய்வோர், கடையில் வசூலாகும் விற்பனை வரி ஒவ்வொரு விற்பனையோடும் தனியே பிரிந்து, குவிக்புக்ஸ், ஜீரோ முதலான கணக்கு மென்பொருள்களின் பேரேட்டில் தானே பதிவாகும்படி செய்துகொள்ளும் ஏற்பாடு இது. வாங்குகிறவர் தரும் வரி வியாபாரியின் வருமானமன்று, சர்க்காரிடம் சேரும்வரை அவர் கையில் இருக்கும் பொறுப்புத் தொகையே என்பது இதன் மூலதத்துவம்.

ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஊழியரோ இல்லாத வியாபாரியை அம்மாநிலம் வரி வசூலிக்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று 1992இல் குவில் வழக்கில் நிலைநாட்டிய விதியை, உச்ச நீதிமன்றமே 2018 ஜூன் 21 அன்று, வேஃபேர் வழக்கில், ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தள்ளிவிட்டது. அதன்பின், வீட்டிலிருந்தபடியே பல மாநிலங்களுக்குச் சரக்கனுப்பும் சிறு வியாபாரியும், மாநிலம், கவுண்டி, நகரம் என்று அடுக்கடுக்கான விகிதங்களுக்குக் கணக்குக் காட்ட நேர்ந்தது.

நியூயார்க் நகரத்தார் ஒருவர் 100 டாலருக்கு மேசைவிளக்கு வாங்கினால், மாநிலத்துக்கு 4, நகரத்துக்கு 4.5, பெருநகரப் போக்குவரத்து வட்டாரத்துக்கு 0.375 ஆக 8.875 சதவீத வரி சேர்ந்து, அவர் கொடுப்பது 108.88 டாலர். அட்டைப் பணத்தைப் பெற்றுத்தரும் நிறுவனம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் பிடித்துக்கொண்டால், வங்கியில் வந்து சேர்வது 105.42. இந்தத் தொகையை அப்படியே விற்பனை என்று எழுதிவிடுகிறவர், கட்டணத்தை மறைத்து, சர்க்காரின் பணத்தைத் தம் வருமானத்தில் கலந்தவராகிறார். வங்கிக்கு 105.42, கட்டணச் செலவுக்கு 3.46 பற்று; விற்பனைக்கு 100, செலுத்தவேண்டிய வரிக்கு 8.88 வரவு என நான்காகப் பிரித்தெழுதுவதே நேரிய முறை. சரக்கு திரும்பி வந்தால், விற்பனையோடு வரியையும் குறைத்தெழுத வேண்டும்.

முழுமையாக்கத்தில் எழும் வேற்றுமையும் கவனிக்கத்தக்கது. இதே விகிதத்தில் 10 டாலர்ப் பொருள்கள் மூன்றுக்குத் தனித்தனியே வரி கண்டால் 2.67, மொத்தத்தில் கண்டால் 2.66. கடை ஒரு வழியிலும் மென்பொருள் மற்றொரு வழியிலும் கணித்தால், மாதக்கடைசியில் சில்லறை சில்லறையாக வித்தியாசம் சேர்ந்துவிடும். ஆகையால் வரியைக் கணிக்கும் வேலையைக் கடைக்கே விட்டு, கணக்கு மென்பொருள் அதை ஏற்றுப் பதிவதோடு நிற்பதே உசிதம்.

இவற்றிலும் நஷ்டம் தரவல்லது இன்னொன்று. அமேசான் போன்ற சந்தைத் தளங்களின் வழியே நிகழும் விற்பனைக்கு, விற்பனை வரி விதிக்கும் மாநிலங்களில் பொதுவாக அத்தளமே வரியை வசூலித்துச் செலுத்திவிடுகிறது. அந்த வரியும் வியாபாரியின் பொறுப்புக் கணக்கில் தானாக ஏறிக்கொண்டிருக்க, அதைப் பார்த்து அவர் மறுபடியும் பணம் கட்டிவிடுவது உண்டு. இதைத் தவிர்க்க, தளவிற்பனையின் வரிக்கென்று பேரேட்டில் வேறு தலைப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.