மலைக்கும் கடலில் பங்கு உண்டு

நீலகிரி மாவட்டத்து அரவேணுவிலிருந்து பிரியும் சாலை கேத்தரின் அருவிக்குப் போகிறது. கோத்தகிரிப் பகுதியில் காபியைப் பயிரிட்ட எம்.டி. காக்பர்னின் மனைவி பெயரை வெள்ளையர் அதற்கு இட்டனர். படகர்களுக்கு அது கெத்தெஹாட ஹள்ள. சுமார் 250 அடி விழும் அந்த நீர்தான் கல்லாற்றின் மேல்நீர். கல்லாறு மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலக்கிறது. பவானி பவானிசாகரில் மோயாற்றைச் சேர்த்துக்கொண்டு கூடுதுறையில் காவிரியோடு இணைகிறது. முக்கொம்பில் பிரியும் அந்த நீரில் ஒரு கிளை கொள்ளிடமாகவும் மற்றொன்று காவிரியாகவும் வங்கக் கடலைச் சேர்கின்றன.

கடலோர மீன்பிடிப்பு, கடல்வளக் காப்பு, கடல்சார் மரபு என்று பேச்செடுத்தால் இராமேசுவரமும் நாகையும் தூத்துக்குடியும்தான் நினைவுக்கு வரும். ஆறாயிரம் அடி உயரத்தை ஒட்டிய கோத்தகிரி போன்ற தேயிலை ஊருக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. சென்னை மாகாணத்து மீன்துறையின் தொடக்க வரலாற்றைப் புரட்டினால் நீலகிரி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

ஏறிய உப்பும் இறங்கிய சரக்கும்

மலைக்கும் கடலுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் புதிதன்று. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்த சரக்குகளை எண்ணிக்கொண்டே போகும்போது, கப்பலில் வந்தவற்றோடு மேற்கு மலையில் விளைந்த மணப்பொருள்களையும் சேர்த்தே சொல்கிறார். துறைமுகத்தின் செல்வத்தில் மலைக்காட்டின் பங்கு அன்றே கணக்கில் இருந்தது.

எதிர்த்திசையில் ஏறி வந்தது உப்பு. படகர் ஊர்களில் உப்பட்டுவ ஹப்பா என்றொரு திருநாள் உண்டு. மண்ணில் குழி வெட்டி, நீர் விட்டு, உப்பைக் கரைத்து, மந்தையை ஓட்டி வந்து குடிக்க விடுவார்கள். எருமைகளுக்கு உப்பு கொடுக்கும் சடங்குகள் தோடரிடமும் இருப்பதை டபிள்யு.எச்.ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்தார். மழை ஓயாது கழுவும் மலைமண்ணில் உப்புச் சத்து குறைவு. மேய்ச்சல் புல்லில் கிடைக்காததைக் கடற்கரையின் உப்பு ஈடு செய்தது. சமவெளிச் சந்தைகளின் வழியே அது ஏறி வந்தது. கடலைப் பார்த்தே இராதவர்களின் வழிபாட்டிலும் கடலின் விளைச்சல் இடம்பெற்றிருந்தது.

குன்னூர்வாசியும் மத்தி எருவும்

சென்னை மாகாணத்தில் மீன்துறை உருவானது 1907-இல். அதை உருவாக்கியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். வேளாண் வங்கிகளைப் பற்றி அவர் அளித்த அறிக்கையே 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகாட்டியது. பணி ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியிருந்தவர், மீனவர் வாழ்வைத் தம் அடுத்த பணியாக எடுத்துக்கொண்டார். ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள மீன்தொழிலை ஆராய்ந்து 1907-இல் குறிப்புகள் வெளியிட்டார்.

மலபார்க் கரையில் மத்தி மீன் ஏராளமாகப் படும் நாள்களில், தின்று தீராததை மணலில் பரப்பிக் காயவிட்டு எருவாக விற்பது வழக்கம். பாதி அழுகும், நாற்றம் ஊரைத் தூக்கும். அதே மீனைக் கொப்பரையில் வேகவைத்துப் பிழிந்தால் எண்ணெய் தனியாகவும், உலர்த்திய சக்கை நல்ல எருவாகவும் கிடைக்கும் என்று நிக்கல்சன் செய்து காட்டினார். சிறு முதலீட்டில் கரையோரத்தார் தாங்களே நடத்தக்கூடிய தொழிலாக அது பரவியது. அந்த எருவை வாங்கியவர்களில் காபி, தேயிலைத் தோட்டக்காரர்கள் முக்கியமானவர்கள். கடலில் பிடித்த மத்தி மலையில் கொழுந்தாகத் துளிர்த்தது.

அவருக்குப்பின் 1918-இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல், சங்குக் குளிப்பைப் பற்றி 1914-இலேயே நூல் எழுதியவர். கட்டுமரம் முதலான படகு வகைகளைக் கரை கரையாகப் பார்த்து, 1920-இல் அவற்றின் அமைப்பையும் மரபையும் ஆராய்ந்து வெளியிட்டார். தமிழகக் கடல்சார் மரபை ஆய்வோர் இன்றும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவலாஞ்சியும் கீழணையும்

இனி இரண்டு மீன்களின் கதை. முதலாவது டிரவுட். ‘இந்தியாவின் மீன்கள்’ என்ற பெருநூலைப் பின்னாளில் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை விட வேண்டுமென்று 1863-இல் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. மீன்வளர்ப்பு வல்லுநராக வந்த எச்.சி. வில்சன் காலத்தில்தான் காரியம் கைகூடியது. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. இலங்கை உள்ளிட்ட இடங்களிலிருந்து வந்த வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. தூண்டில் போட்டுப் பொழுது போக்கிய துரைமார்களுக்காக இத்தனை பாடு.

இரண்டாவது உல்லம், வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் மீன். கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றுக்குள் எதிரேறி முட்டையிடுவது அதன் இயல்பு. கொள்ளிடத்தின் வழியே காவிரிக்கும் ஏறியது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும் கீழணையும் தஞ்சை வயல்களைக் காத்தன. மீனின் வழியை மறித்தன. அணைகள் இப்படி மீன்களை மறிப்பதைப் பிரான்சிஸ் டே 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துச் சொன்னார். 1909 வாக்கில் கீழணைப் பகுதியில் உல்லத்தின் சினையையும் விந்தையும் பிழிந்து சேர்த்துச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க முயன்றவரும் அதே வில்சன்தான். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1934-இல் மேட்டூர் அணை எழுந்து வெள்ளத்தின் போக்கு மாறியபின் காவிரி உல்லம் மளமளவென்று குறைந்தது. 1955-இல் முடிந்த பவானிசாகர் அணை, பவானி ஆற்றின் மேல்பாதியையும் பிரித்துவிட்டது. நன்னீரில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்குக் கடலுக்கு இறங்கும் விலாங்குக்கும் இதே தடைதான், திசை மட்டும் வேறு.

ஒரே அதிகாரியின் கையில் ஒரு மீன் வென்றது, ஒரு மீன் தோற்றது. டிரவுட்டுக்குத் தேவைப்பட்டது தொட்டியும் குளிர்ந்த நீரும். துறை நினைத்தால் கொடுத்துவிடலாம். உல்லத்துக்குத் தேவைப்பட்டது மலையிலிருந்து கழிமுகம்வரை தடையற்ற ஓர் ஆறு. அதைக் கொடுக்க மீன்துறையால் மட்டும் ஆகாது. பாசனமும் மின்சாரமும் வேளாண்மையும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அணைகள் வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. டெல்டாவின் சோறு அதில் இருக்கிறது. மீனையும் எண்ணி அணை கட்டியிருக்கலாம் என்பதே வரலாறு தரும் பாடம்.

1986

இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்ட ஆண்டு 1986. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்கும் அதே ஆண்டுதான். வளைகுடா 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. யுனெஸ்கோ வலையமைப்பில் நீலகிரி 2000-இலும் மன்னார் வளைகுடா 2001-இலும் சேர்ந்தன. இரட்டைப் பிள்ளைகள்போல் பிறந்த இவ்விரண்டும் தனித்தனி அலுவலகங்களில், தனித்தனிக் கோப்புகளில் வளர்ந்தன.

கழிமுகமோ கோப்புகளைப் பார்ப்பதில்லை. கொள்ளிடக் கழிமுகத்தை ஒட்டிய பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கு உப்புநீரோடு நன்னீரும் வேண்டும், வண்டலும் வேண்டும். இறாலும் நண்டும் பல மீன்குஞ்சுகளும் அங்கேதான் வளர்ந்து கடலுக்குப் போகின்றன. நன்னீர் குறைந்து மண்ணில் உப்பு ஏறியபோது மரங்கள் பட்டுப்போயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே விட்டு, கன்று நட்டு அக்காட்டின் பகுதிகளை மீட்டது. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் தலமாயிற்று.

வண்டல் என்றதும் மலை நினைவுக்கு வர வேண்டும். சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுபவை. அவற்றை அழித்துச் செங்குத்துச் சரிவில் உருளையும் கேரட்டும் போட்டால், மேல்மண் ஒரே மழையில் அணைக்குள் இறங்கிவிடும். அணை தூர்ந்து கொள்ளளவு குறையும். கழிமுகத்துக்கோ வண்டல் போகாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழை, சரிவுகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டிற்று.

நல்ல முன்மாதிரியும் இதே மாவட்டத்தில் உண்டு. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, மலையில் பிளாஸ்டிக்கை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் தடை வந்தது. பின்னர் அவர் சுற்றுச்சூழல் துறைச் செயலாளராக இருந்தபோது, 2022-இல், பாக் விரிகுடாவில் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு நாட்டின் முதல் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

கிழக்குக் கரை மீனவர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு, மீன் இனம் பெருக வழிவிடுகிறார்கள். வருமானத்தை விட்டுக்கொடுத்து அவர்கள் செய்யும் காவலுக்கு மேல்நிலத்தாரின் பதில் என்ன? ஓடைக்கரையில் சில அடி நிலத்தைத் தேயிலைக்கும் காய்கறிக்கும் கொடுக்காமல் நாட்டுமரங்களுக்கு விடலாம். பூச்சிமருந்து டப்பாவை ஓடையில் கழுவாதிருக்கலாம். சந்தைக் குப்பை பள்ளத்தில் உருளாமல் ஊராட்சி பார்த்துக்கொள்ளலாம். அரசு தன் பங்குக்கு, கடல்வளக் காப்புக் குழுக்களில் ஆற்றின் மேல்நிலத்தவருக்கும் இடம் தர வேண்டும். பவானிப் படுகையின் உழவரும் கொள்ளிடக் கரையின் மீனவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும். உல்லத்தைக் காக்க வில்சனிடம் இல்லாமற்போனது அந்த மேசைதான்.