கைப்பம்பும் கம்ப்ரசரும்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வயநாட்டுக்குப் போகும் 766ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகள் அதிகம். இப்படிப்பட்ட சாலையோரத்துப் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் லாரியை மனத்தில் வைத்து வாங்கப்பட்டது. லாரி டயருக்கு 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்று வேண்டும். நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்கோ சந்தைக்கோ மிதித்து வருபவரின் கறுப்புச் சைக்கிளுக்கு 45 பிஎஸ்ஐ தாராளம். இரண்டுக்கும் ஒரே குழாய் என்பதுதான் என் கவலை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28 அங்குலச் சைக்கிள் டயருக்குள் இருக்கும் இடம் ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர். அதில் 45 பிஎஸ்ஐ ஏற, வெளிக்காற்று 7 லிட்டர் போல உள்ளே போக வேண்டும். காலால் மிதித்துப் பிடித்து அடிக்கும் கைப்பம்பு ஓர் அடிக்குக் கால் லிட்டர் தள்ளினால் 28 அடி. ஓர் அடிக்கு ஒன்றரை பிஎஸ்ஐதான் கூடும். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே டியூப் சிக்கியிருந்தால், பத்தாவது அடியிலேயே அந்த இடம் புடைத்துக் காட்டிக்கொடுக்கும். நிறுத்தி, காற்றை விட்டு, கையால் சரிசெய்து மறுபடி அடிக்கலாம். கடைசி அடிகளில் கைப்பிடி கனத்து, போதும் என்று தோளுக்கே தெரிந்துவிடும்.

கம்ப்ரசரில் இந்த அவகாசம் கிடையாது. தொட்டியில் அடைபட்ட காற்று சில நொடிகளில் டியூபை நிரப்பிவிடும். புடைப்பைக் கண் பார்ப்பதற்குள் டயர் ரிம்மை விட்டு எழும்பி, டியூப் வெடித்திருக்கும். முகத்தை அருகில் வைத்துக் குந்தியிருக்கும் பிள்ளைக்குக் கண்ணும் காதும் ஆபத்தில். மீட்டரை நம்பலாமா? வால்டியூப் போட்ட பழைய வகை வால்வில், அந்த ரப்பரைத் தள்ளித் திறப்பதற்கே அழுத்தம் செலவாகிறது. மீட்டர் காட்டுவது டயருக்குள் இருக்கும் அளவு அல்ல.

கம்ப்ரசரை ஒதுக்கச் சொல்லவில்லை. வாழைத்தார் கட்டிய சைக்கிளைத் தள்ளி வரும் முதியவரை 28 முறை குனிந்து நிமிரச் சொல்வது நியாயமில்லை. கடைக்காரர் ஒரு நொடி விட்டு, குழாயை எடுத்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து மறுபடி விட்டால் போதும். வால்வின் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் வால்வே தெறித்து வெளியே வரும். எடை பின்சக்கரத்தில்தான் அதிகம் இறங்குகிறது, ஆகவே முன்னதைவிட அதற்குச் சற்றுக் கூடுதல் காற்று. இந்தப் பக்குவம் உள்ள கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவசரமாக லாரி காத்து நிற்கும்போதுதான் அது தவறுகிறது.

கோயிலின் பங்குனித் தேர்க் கூட்டத்தில் வெயிலில் நிறுத்திய சைக்கிள் வெடித்தால் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுவார்கள். 27 டிகிரியில் 45 பிஎஸ்ஐ அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடானாலும் 50 பிஎஸ்ஐயைத்தான் எட்டும்; நல்ல டயர் அதைத் தாங்கும். ஏற்கெனவே அளவு மீறி அடித்ததும், சிக்கிய டியூபும், நைந்த ஓரமும்தான் வெயிலில் அம்பலப்படுகின்றன.

கர்நாடகத்தில் 2006-07இல் எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசச் சைக்கிள் தரத் தொடங்கினார்கள். பல வீடுகளுக்குச் சைக்கிள் வந்தது. ஒவ்வொரு பள்ளியின் சைக்கிள் நிறுத்தத்திலும் ஒரு கைப்பம்பு இருந்தால், காற்றுக்காக ஒரு பிள்ளையும் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்காது.