துரைமார் கைவிட்ட மரம்

பினாங்கு ஜாதிக்காயின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதை 1860-ஐ ஒட்டி முடித்துவிடுகிறார்கள். மலுக்குத் தீவுகளிலிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த மரம் துரைமார் தோட்டங்களில் அரை நூற்றாண்டு செழித்தது, பிறகு நோய் விழுந்தது, விலை சரிந்தது, நிலம் வேறு பயிர்களுக்குப் போயிற்று என்பதோடு கதை நின்றுவிடும். ஆனால் தீவின் மேற்கே, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவில் ஜாதிக்காய் இன்றும் காய்க்கிறது. ஊறுகாயாக, சர்பத்தாக, வலிக்குத் தேய்க்கும் தைலமாக ஜார்ஜ் டவுன் கடைகளுக்கு வந்துகொண்டும் இருக்கிறது. அழிந்ததாக எழுதப்பட்ட பயிர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்கிறதென்றால், அந்த எழுத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அப்போது தோற்றது ஒரு பயிரிடும் முறை என்பதே என் கருத்து. ஒரே பயிர், ஒரே சந்தை, கடன் முதல் என்ற அந்த முறைக்கு வெளியே, பல மரங்களோடு கலந்து நின்ற ஜாதி மரம் பிழைத்துக்கொண்டது. அதைப் பிழைக்க வைத்தவர்களின் பெயர்கள் எந்த அரசாங்க அறிக்கையிலும் பெரிதாக இடம்பெறவில்லை. அதனாலேயே அவர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பிரான்சிஸ் லைட் 1786-இல் தீவைக் கைக்கொண்டபோது கம்பெனியின் கண் மிளகின் மேல் இருந்தது. ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தன. ஜாதிக்காய் ஏகபோகம், 1621-இல் மலுக்கின் பாண்டாத் தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் அவர்கள் நிறுவியது. ஐரோப்பியப் போர்களின் சூட்டில் 1796-இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்தார்கள். கையில் இருக்கும்போதே கன்றுகளைக் கடத்திவிட வேண்டும் என்று கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை அனுப்பினார்கள். அவர் பல்லாயிரம் கன்றுகளைக் கப்பலேற்றினார். அவற்றில் பெரும்பங்கு பினாங்குக்கு வந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டுக் குற்றாலத்திலும் கம்பெனி ஒரு வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. ஐந்து வாசனைப் பொருள்களில் ஒன்றாகச் சாதிக்காயை எண்ணிய தமிழ் மரபுக்கு, கடல் தாண்டிக் காயாக மட்டுமே வந்துகொண்டிருந்த சரக்கு அது. பச்சைப் பிள்ளைக்கு உரைமருந்துக் கல்லில் உரசி ஊட்டிய தாய்மாரில் எத்தனை பேர் அந்த மரத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? பினாங்கில் கம்பெனிக்குப் பொறுமை நிலைக்கவில்லை. பத்தே ஆண்டுகளில் தன் தோட்டத்தை விற்றுவிட்டது. கன்றுகள் தனியார் கைக்குப் போயின. குளுகோரில் டேவிட் பிரவுன் போன்றவர்கள் பெருந்தோட்டம் போட்டார்கள். 1830, 40-களில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கையில் பணம் உள்ளவரெல்லாம் ஜாதி நட்டார்கள்.

அந்த மரத்தின் குணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழக்கு அங்கேதான் இருக்கிறது. ஜாதி மரம் ஆணும் பெண்ணுமாகத் தனித்தனியே வளர்வது. விதையிலிருந்து வந்த கன்று எது என்று பூக்கும் வரை தெரியாது. பூக்க ஆறேழு ஆண்டு ஆகும். ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும் என்பதால் மீதியை வெட்டி மறுபடி நட வேண்டும். நிறைந்த காய்ப்புக்கு வர இன்னும் ஆண்டுகள். அது வேர் ஆழமாக ஓடாத மரம். காற்றைத் தாங்காது, நீர் தேங்கினால் வாடும். பாண்டாவில் அது கெனாரி என்ற உயர்ந்த கொட்டை மரத்தின் நிழலில் வளர்ந்தது. கெனாரி வெயிலையும் கடற்காற்றையும் வாங்கிக்கொள்ள, ஜாதி கீழே ஈரத்தில் நின்றது. துரைமார் இதைத் தலைகீழாக்கினார்கள். காட்டை ஒட்ட வெட்டி, கன்றுகளை வரிசையாக வெட்டவெளியில் நட்டு, ஒரு புல் விடாமல் செதுக்கி, வண்டி வண்டியாக எரு போட்டார்கள். சிங்கப்பூர் மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி 1848-இல் எழுதிய ஜாதிக்காய்க் கட்டுரையிலும் எருவுக்கு முக்கிய இடம் உண்டு. மரம் சில ஆண்டுகள் அள்ளிக் கொடுத்தது. பிறகு நுனியிலிருந்து காய ஆரம்பித்தது.

இதற்கு மறுப்பு உண்டு. வந்தது நோய், நோய் முறை பார்த்தா வருகிறது? சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லியே பின்னாளில் பட்டையைத் துளைக்கும் வண்டின் மேல் குற்றம் சாட்டினார். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பட்டைத் துளைப்பான்கள் பொதுவாகத் தளர்ந்த மரத்தைத்தான் முதலில் பிடிக்கும். ஒரே இன மரம் அடுத்தடுத்து நின்றால் அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகத் தடையே இல்லை. வண்டு எப்படிக் கொன்றது என்பதற்கு ரிட்லியின் விடை போதும். அத்தனை ஆயிரம் மரம் ஒருசேர ஏன் தளர்ந்து நின்றது என்பதற்குத் தோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். விலை சரிவே காரணம் என்பாரும் உண்டு. துரைமார் ஏன் விட்டுப் போனார்கள் என்பதற்கு அது நல்ல விடை: பங்களாவும் கங்காணியும் கூலியாட்களும் வட்டியும் காய் விலையை நம்பி இருந்தன. அதே விலைதானே பாலிக் புலாவுக்கும்? அங்கே மரம் ஏன் நின்றது? சரிவான மலைநிலம், நீர் வடியும், காற்று மறைவு என்று மண்ணுக்குப் பெருமை சேர்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பங்கை நான் ஒத்துக்கொள்கிறேன். மண் மரத்தை உயிரோடு வைக்கும். விலை விழுந்த பிறகும் அதை வெட்டாமல் வைத்திருக்க ஒரு குடும்பத்துக்குக் காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் டூசுன் எனப்படும் கலப்புத் தோட்டத்தில் இருக்கிறது. மலாய்க்காரர்களும் ஹக்கா சீனர்களும் பாலிக் புலாவின் சரிவுகளில் கிராம்பு, ஜாதி, டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் என்று கலந்து நட்டார்கள். 1850-களிலேயே ஹக்கா கத்தோலிக்கருக்கென்று அங்கே ஒரு கோயில் தோன்றியது. வந்து போகும் கூலிகளாக இல்லாமல் குடும்பத்தோடு வேரூன்றியவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. டுரியானின் உயரம், பாண்டாவில் கெனாரி செய்த வேலையைச் செய்தது. ஒரு பயிர் பொய்த்த ஆண்டில் மற்றொன்று அடுப்பெரிய வைத்தது. ஜாதிக்காய் விலை இறங்கினால் மரத்தைக் கவனிக்காமல் விட்டார்களே தவிர, வெட்டி எறியும் நெருக்கடி வரவில்லை.

இதைவிடப் பெரிய காரணம் சதை. முற்றிய ஜாதிப் பழம் மஞ்சளாகி, நெடுக்கே இருந்த கோடு வழியே தானாக வெடிக்கும். உள்ளே கரும்பழுப்பு ஓட்டைச் சுற்றி இரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி வலைபோலப் பின்னியிருக்கும். பத்திரியை உரித்து வெயிலில் பரப்பினால் சிவப்பு மங்கி மஞ்சளாகும். கொட்டையை, ஓட்டுக்குள் பருப்பு கலகலவென்று ஆடும் வரை உலர்த்த வேண்டும். லண்டன் சந்தை கேட்டது இந்த இரண்டைத்தான். ஆனால் பறித்த பழத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வெளிச்சதை. ஐரோப்பியச் சந்தையில் அது குப்பை. பாலிக் புலாவில் அதைச் சீவி உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்தார்கள், வெயிலில் காயவைத்து மெல்லத் தந்தார்கள், பிழிந்து வெளிறிய சாறாகவும் காய்ச்சிப் பழுப்புப் பானமாகவும் குடித்தார்கள். விலையை லண்டன் தீர்மானித்த கொட்டையோடு, உள்ளூர் நாக்கு தீர்மானித்த சதையும் சேர்ந்ததால், ஒரு மரத்துக்கு இரண்டு சந்தை கிடைத்தது. பினாங்கு ஜாதிக்காயின் இரண்டாவது ஆயுளை நான் இங்கிருந்துதான் கணக்கிடுவேன்.

சிறு விவசாயியை நான் தெய்வமாக்குகிறேன் என்று கேட்கலாம். இன்று அதே சரிவுகளில் டுரியானுக்காக மற்ற மரங்களைக் கழிப்பதும் அவர்தானே? உண்மைதான். மலேசியாவின் உறைந்த முழு டுரியானுக்கு 2019-இலும் புதுப் பழத்துக்கு 2024-இலும் சீனா கதவு திறந்த பிறகு, மூசாங் கிங் என்ற டுரியான் வகையின் ஒட்டுக்கன்று நடாதவரை ஏமாளி என்பார்கள். ஜாதி மரத்தின் மேல் யாருக்கும் பக்தி இல்லை, முன்பும் இருந்ததில்லை. அதைக் காப்பாற்றியது கலந்து நடும் கணக்கு. அந்தக் கணக்கு மாறினால் மரம் போய்விடும். இப்போது டுரியான் மட்டும் நட்டு, ஒரே நாட்டின் சந்தையை நம்பி, கடனில் எரு போடும் தோட்டம், 1840-களில் குளுகோர்ப் பக்கம் நின்ற தோட்டங்களின் அமைப்பையே கொண்டிருக்கிறது, மரம்தான் வேறு. இதில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது. சதையைப் பதப்படுத்தும் குடிசைத் தொழில், காலையில் பறித்த பழம் அன்றே வந்து சேரும் தூரத்தில் மரம் இருப்பதை நம்பி நடக்கிறது. வெட்டிய சதை சீக்கிரம் கறுத்துவிடும். கொட்டையையும் பத்திரியையும் இந்தோனேசியாவிலிருந்து மூட்டையில் வரவழைக்கலாம். சதையை அப்படி வரவழைக்க முடியாது. ஆகவே பாலிக் புலாவில் ஜாதி மரம் குறையக் குறைய, முதலில் பாதிக்கப்படுவது ஊறுகாய்ச் சாடியும் சர்பத் புட்டியும்தான். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு மரத்தைக் காப்பாற்றிய தொழிலும் அதுவே.